கத்தோலிக்கப் பள்ளி கொடுப்பதும் கொடுக்காததும்

கேட்டவர் ஒரு கத்தோலிக்கத் தாய். மகனை அடுத்த வருடம் சாமியார்கள் நடத்தும் பள்ளியில் சேர்ப்பதா, பக்கத்தில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளியில் சேர்ப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். அவருடைய அண்ணன் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். இன்று கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர கோயில் பக்கம் போவதில்லை. ஆனால் பள்ளி நண்பன் ஒருவனுக்கு ஏதாவது என்றால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவார். "அந்தப் பள்ளி அவருக்கு விசுவாசத்தைக் கொடுத்ததா, நட்பை மட்டும் கொடுத்ததா? என் மகனுக்கு என்ன கொடுக்கும்?" இதுதான் கேள்வி.

நான் படித்ததும் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான், பிறகு வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான். கணக்கு வாத்தியார். கூடவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் (கத்தோலிக்க மதப்பாடம்) எடுத்தேன். நான் பார்த்த வரை, நட்பைப் பள்ளியால் தன்னந்தனியாகக் கொடுத்துவிட முடியும். விசுவாசத்தை அப்படிக் கொடுக்க முடியாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விசுவாசத்துக்குப் பள்ளி ஒரு பழக்கத்தையும் சில துணைகளையும் தரும். அந்தத் துணைகள் முப்பது, நாற்பது வருடம் கழித்து என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

முதலில் பழக்கம். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஞானோபதேசப் புத்தகத்தில் இருந்தது ஒன்றும் நினைவிருக்காது. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும் அப்படியே இருக்கும். காலை அசெம்பிளியில் ஜெபம், மதியம் மணி அடித்ததும் மூவேளை ஜெபம், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை, அக்டோபரில் ஜெபமாலை, தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை, வருடத்துக்கு ஒருமுறை தியானம். பரீட்சை அன்று மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை) முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்பது. புத்தியில் ஏறுவதற்கு முன்பே இதெல்லாம் உடம்பில் ஏறிவிடுகிறது. பல வருடம் பூசை காணாத ஆள்கூட, சாவு வீட்டில் யாராவது "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் இரண்டாம் பாதியைத் தன்னையறியாமல் சொல்லிவிடுவார்.

இதை விசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன். சும்மா மனப்பாடம் என்று தள்ளவும் மாட்டேன். வாழ்க்கையில் அடிபட்டு ஜெபிக்க நினைக்கும் ஒருவருக்கு வாயில் வார்த்தை இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. வார்த்தை இல்லாதவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமலே விட்டுவிடுகிறார். பள்ளி அந்த வார்த்தையைக் கொடுத்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் என்ன ஆகிறது என்பது பள்ளியின் கையில் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிரீலி என்ற குருவும் பீட்டர் ராசி என்ற சமூகவியலாளரும் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்துப் பெரியவர்களானவர்களை ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோர் நல்ல பக்தியுள்ளவர்களாக இருந்த வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் பள்ளியின் பாதிப்பு பெரியவர்களான பிறகும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் பக்தி இல்லாதவர்களிடம் பள்ளியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1965 அக்டோபரில், உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கல்வி அறிக்கையும் பிள்ளைகளுக்கு முதலும் முக்கியமுமான ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்கிறது. அமெரிக்கப் பள்ளியும் நம் பள்ளியும் ஒன்றல்ல, அங்கே அந்தக் காலத்தில் வகுப்பே கிட்டத்தட்ட முழுக்கக் கத்தோலிக்கப் பிள்ளைகள்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்துவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஞாயிறு பூசைக்கு அப்பா அம்மாவோடு வருகிற பிள்ளை, திங்கள்கிழமை ஞானோபதேசத்தில் கேள்வி கேட்கும். டியூஷனுக்கு இறக்கிவிடுவதுபோல் கோயில் வாசலில் இறக்கிவிடப்படும் பிள்ளை, பதில் மட்டும் சொல்லும்.

நம் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1542-இல் மதம் போதிக்க ஐரோப்பாவிலிருந்து சவேரியார் என்ற குரு அங்கே வந்தபோது பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்களே தவிர, ஜெபம் ஒன்றும் தெரியாது. அவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். புதிதாக ஒரு ஜெபம் சொல்லித் தரும்வரை பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை என்று அந்த வருடம் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தமிழில் மொழிபெயர்த்த ஜெபங்களைக் கற்ற பிள்ளைகளையே நோயாளிகள் வீட்டுக்கு ஜெபிக்க அனுப்பியதாகப் பின்னால் இன்னொரு கடிதத்தில் எழுதுகிறார். பிள்ளைகள் வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் கவனியுங்கள், அது நடந்ததற்குக் காரணம் பிள்ளை கொண்டுவந்ததை அம்மாவும் அப்பாவும் கூடவே சொன்னதுதான். பிள்ளை மட்டும் சொல்லி, வீடு சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கரையில் இன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி நட்பு. எந்தப் பள்ளியிலும் நட்பு உண்டு, கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசுப் பள்ளியில் படித்த என் மைத்துனருக்கு என்னைவிட நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வேலை ஏராளம். திருநாளுக்குக் கொடி கட்டுவது, குடில் போடுவது, பாடகர் குழு, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டிடையனாக நிற்பது, சாரணர் முகாம், போர்டிங்கில் பாத்திரம் கழுவுவது, மைதானத்தில் கல் பொறுக்குவது. வகுப்பில் முதல் மாணவனும் கடைசி மாணவனும் சேர்ந்து ஒரு தோரணத்தைக் கட்டும்போது யார் முதல், யார் கடைசி என்பது மறந்துபோகும். நட்பு அங்கேதான் பிடிக்கிறது. அப்புறம், எல்லோருக்கும் பொதுவாகப் பயப்பட ஒரு ஃபாதரோ சிஸ்டரோ இருப்பார். ஐம்பது வயதில் கூடும்போதும் முதல் அரைமணி நேரம் அவரைப் பற்றித்தான் பேச்சு.

நல்ல பள்ளிகளில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் மாதிரி ஒன்றும் இருக்கும். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குரு தொழிலாளி இளைஞர்களுக்காக உருவாக்கிய முறை அதன் அடிப்படை: சுற்றி நடப்பதைப் பார், அது சரியா என்று யோசி, ஏதாவது செய். வகுப்பில் ஒரு பையன் மதியம் சாப்பாடு கொண்டுவருவதில்லை என்று நாலு பேர் கவனிக்கிறார்கள், ஏன் என்று விசாரிக்கிறார்கள், முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதில் ஜெபம் ஐந்து நிமிடம்தான். ஆனால் விசுவாசமும் நட்பும் ஒன்றாகவே வளர்வதை நான் பார்த்தது அதிகமும் இங்கேதான், வகுப்பறையில் அல்ல.

விசுவாசத்தையும் நட்பையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபை என்ற துறவற சபை தொடங்கியதே ஒரு விடுதி அறையில். 1529-இல் பாரிஸ் நகரின் சாந்த் பார்ப் கல்லூரியில் பின்னால் சபையை நிறுவிய இஞ்ஞாசியார், சவேரியார், பேதுரு ஃபேபர் மூவரும் ஒரே அறையில் தங்கினார்கள். ஃபேபர் ஆடு மேய்த்து வளர்ந்தவர். சவேரியார் நவார் நாட்டுப் பிரபு வீட்டுப் பையன். இஞ்ஞாசியார் 1521-இல் பாம்ப்லோனா கோட்டையைக் காக்கப் போய்க் காலில் குண்டடி பட்டவர், சவேரியாரின் அண்ணன்மார் அந்தப் போரில் எதிர்ப்பக்கம். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக்கூடாத ஆட்கள். சவேரியார் ஆரம்பத்தில் இஞ்ஞாசியாரைக் கேலி செய்துகொண்டிருந்தார், மனம் மாற வருடங்கள் பிடித்தன. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்களாகக் கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். பிறகு சவேரியார் ஆசியாவுக்கு வந்தார், மறுபடி அவர்களைப் பார்க்கவே இல்லை. 1546-இல் இந்தோனேசியப் பக்கத்து அம்போன் தீவிலிருந்து எழுதும்போது, நண்பர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையாலேயே எழுதிய பெயர்களை வெட்டி எடுத்து, தன் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாகச் சொல்கிறார். நண்பர்களின் கையெழுத்தையும் கடவுளுக்குக் கொடுத்த வாக்கையும் ஒரே இடத்தில் வைத்திருந்த மனிதர் பெயரில்தான் நம் ஊரில் இத்தனை பள்ளிகள் நடக்கின்றன.

நம் பக்கத்திலும் ஒரு மூவர் அறை உண்டு. அப்துல் கலாம் 1950-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தபோது விடுதியில் அவரோடு அறையைப் பகிர்ந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும். சைவ மெஸ்ஸின் செயலாளராகக் கலாமே இருந்தார், ரெக்டர் சாமியாரைச் சாப்பாட்டுக்கு அழைத்ததைத் தன்வரலாற்றில் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். இது கல்லூரிதான், பள்ளி அல்ல. ஆனால் இயேசு சபை விடுதிகள் தமிழ்நாட்டில் எதைச் சாதித்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே படித்து அவர் கிறிஸ்தவராகவில்லை. கடைசிவரை தொழுதார். மற்றவர்களின் பக்தியைக் கண்டு ஒதுங்காத முஸ்லிமாக வாழ்ந்தார்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறுபான்மைதான். அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அரசு அங்கீகரித்த அல்லது அரசு நிதி பெறும் பள்ளியில் யாரையும் அவர் சம்மதமின்றி (சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி) மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. அதனால்தான் ஒரே மணி நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று வகுப்பு இரண்டாகப் பிரியும். பிள்ளைகளுக்கு இது முதலில் கொஞ்சம் உறுத்தும். "நீ ஏன் அந்த ரூமுக்குப் போற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கத்தோலிக்கப் பிள்ளைதான் தன் விசுவாசத்தை முதல்முறையாக யோசிக்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஒரே மதமாக இருக்கும் வகுப்பில் இந்தக் கேள்வியே வராது. மறுபக்கம், இந்து நண்பன் வீட்டுப் பொங்கலும் முஸ்லிம் நண்பன் வீட்டு நோன்புக் கஞ்சியும் இந்த நட்பின் பங்கு. பிறகு அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், மதம் மாறாமலே.

சரி, நல்லதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் நான் பள்ளியின் விளம்பரத்தாள் ஆகிவிடுவேன். சாதி இந்தப் பள்ளிகளின் வாசலில் நின்றுவிடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவே ஒரு சுவரே இருந்தது, 1910-இல்தான் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் போனாலும் மற்றது முழுக்கப் போய்விடவில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016-இல் தலித் கிறிஸ்தவர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. பள்ளியில் தோளில் கைபோட்டுத் திரிந்த இருவர், கல்யாணப் பேச்சு வந்ததும் தூரமாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். போர்டிங்கில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி வளர்ந்தவர்களிடம் இது குறைவு. பகலில் மட்டும் வந்துபோகும் பள்ளியில் சாதிச் சுவர் அந்த அளவுக்கு உடைவதில்லை.

இன்னொன்று அடி, பயம். பிரம்பால் அடித்து ஜெபம் கற்றவர்கள், குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நடுங்கிக்கொண்டு போனவர்கள், ஃபீஸ் கட்டவில்லை என்று அசெம்பிளியில் நிறுத்தப்பட்டவர்கள் என் தலைமுறையில் நிறைய. என் வகுப்புத் தோழன் ஒருவன் இன்றுவரை கோயிலுக்குள் வராததற்குக் காரணம் இறையியல் சந்தேகம் எதுவும் இல்லை, எட்டாம் வகுப்பில் வாங்கிய ஒரு அறை. குருக்களும் துறவிகளும் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமைகளைத் திருச்சபை மூடி மறைத்தது பல நாடுகளில் வெளிவந்துவிட்டது. பள்ளியில் விசுவாசம் மனிதர்கள் வழியாகத்தான் வருகிறது, அதனால் அந்த மனிதர் தவறினால் விசுவாசமும் அவரோடு போய்விடுகிறது. சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ 1884-இல் ரோமிலிருந்து தன் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், இளைஞர்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும் என்கிறார். 1906-இல் சலேசிய சபையார் தஞ்சாவூரில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த கல்விமுறையின் சாரம் அதுதான். அதைக் கடைப்பிடித்தவர்கள் நடத்திய பள்ளிகளில் படித்தவர்கள் மதிய இடைவேளையில் தங்களோடு பந்து விளையாடிய சாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். மற்ற பள்ளிகளில் படித்தவர்கள் பிரம்பைப் பற்றிப் பேசுவார்கள்.

இப்போது உங்கள் அண்ணன். நாற்பது, ஐம்பது வயதில் ஆட்கள் கோயிலுக்குத் திரும்புவது பெரும்பாலும் பிரசங்கம் கேட்டு அல்ல. அப்பா இறந்துபோகிறார், அல்லது மனைவிக்குக் கட்டி என்று டாக்டர் சொல்கிறார். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட உட்கார்வது பள்ளி நண்பன்தான். அந்த வகுப்பில் ஒருவர் சாமியாராகவோ சிஸ்டராகவோ ஆகியிருப்பார். பங்குச்சாமியாரிடம் போகத் தயங்குகிறவர், "டேய்" என்று கூப்பிடக்கூடிய ஒரு சாமியாரிடம் பேசிவிடுவார். வருடக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் இப்படிப் பழைய வகுப்புத் தோழரிடம் போனதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோரும் திரும்புவதில்லை. உங்கள் அண்ணனும் திரும்பாமலே போகலாம். ஆனால் நண்பனுக்காக இரவில் பஸ் ஏறுகிற மனிதரிடம் பள்ளி கொடுத்தது எதுவும் நிற்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் உவமையை அவர் படித்த வகுப்பு வீண்போகவில்லை.

இந்த நட்புக்கும் ஒரு ஆபத்து உண்டு. பழைய மாணவர் சங்கம் சீக்கிரமே வசதியானவர்களின் கிளப்பாகிவிடும். 1973-இல் வலென்சியாவில் இயேசு சபைப் பள்ளிகளின் ஐரோப்பியப் பழைய மாணவர்கள் கூடியபோது, சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே அவர்களிடம், உங்களை நீதிக்காக நாங்கள் வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி நம் வேலை என்றார். பாராட்டை எதிர்பார்த்து வந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊர் வெள்ளிவிழாக் கூட்டங்களிலும் யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும். அதே சமயம், சங்கம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போர் ஊரைக் கலைத்த பிறகு, புனித பத்திரிசியார் கல்லூரி மாதிரிப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட ஊரின் வேலையையே செய்கின்றன. நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவது அந்தச் சங்கங்கள் வழியாகவும்தான்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். வீட்டில் ஜெபம் இருந்தால் அந்தப் பள்ளியில் தாராளமாகச் சேருங்கள். வீட்டில் இல்லாததைப் பள்ளி போட்டுக்கொடுக்கும் என்ற எண்ணத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு சாதாரண நாளில் பள்ளிக்குப் போய், மதிய இடைவேளையில் மைதானத்தைக் கவனியுங்கள். ஃபாதரோ பிரதரோ பிள்ளைகளோடு நிற்கிறாரா, அறைக்குள் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? ஞானோபதேச வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பாடத்திட்டம் முடியவில்லை என்று அந்த வகுப்பைக் கணக்குக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளி என்றால் பெயரில் மட்டும்தான் புனிதர் இருக்கிறார். (கணக்கு வாத்தியாராக அந்த மணி நேரங்களை வாங்கிக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.) படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன் டிசி கொடுத்து அனுப்புகிறார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தேர்ச்சி விகிதத்துக்காக அப்படிச் செய்யும் பள்ளியில் நட்புக்கும் இடமில்லை, பாதி வகுப்பு நடுவிலேயே காணாமல் போயிருக்கும்.

ஒருவேளை சிபிஎஸ்இ பள்ளி என்றே முடிவானாலும் பெரிய நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு மறைக்கல்வி உங்கள் பங்கில் நடக்கும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியதும் அவனைப் பூசைக்கு உதவும் பீடச்சிறுவர் குழுவில் சேர்த்துவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் நேராக வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், கோயில் மைதானத்தில் இருட்டும்வரை மற்ற பையன்களோடு விளையாடட்டும்.